மேற்குப் பக்கத்துக்கு ஆள் இல்லை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த கடலோரக் காப்பகக் கட்டுமானக் கோட்டத்துக்கு 2008-ஆம் ஆண்டு ஒரு கம்ப்யூட்டரும், கட்டடம் வரையும் மென்பொருளும், அதை இயக்க அன்பரசுவும் வந்து சேர்ந்தார்கள். அலுவலகக் கண்காணிப்பாளர் சௌந்தரம் அம்மாள் வந்தவற்றுக்கு எண் போட்டார். கம்ப்யூட்டருக்கு ஓர் எண் கிடைத்தது. மென்பொருள் இருந்த குறுந்தகட்டுக்கும் ஓர் எண் கிடைத்தது. அன்பரசு தினக்கூலி என்பதால் அவனுக்கு எண் கிடையாது. மின்விசிறி இல்லாத மூலையில் ஒரு நாற்காலி கிடைத்தது.

அன்பரசு புன்னைமேட்டுக்குப்பத்துக்காரன். சிதம்பரத்தில் டிப்ளமோ படித்து, மேல வீதியில் ஜெராக்ஸ் கடை மாடியில் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டவன். சுனாமியில் அவன் அம்மா போய்விட்டாள். அலை வருகிறது என்று தெரிந்தும் ஓடி ஏற உயரமாக ஓர் இடம் குப்பத்தில் இல்லை. அக்கா மகேஸ்வரி அதே குப்பத்தில் சின்னதம்பிக்கு வாக்கப்பட்டிருந்தாள். தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர்கள் அவர்கள். அதனால் கோட்டம் அவனிடம் கொடுத்த முதல் வேலையே புன்னைமேட்டுக்குப்பத்துப் புயல் காப்பகம் என்றதும் அவன் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் வரைந்தான்.

கீழே வெறும் தூண்கள், தண்ணீர் வந்தால் புகுந்து போக. மேலே ஒரு பெரிய கூடம். முகப்பு கிழக்கே கடலைப் பார்த்து. படிக்கட்டு மேற்கே, முதுகுப் பக்கம், காற்றுக்கு மறைவாக, இரண்டு சுவர்களுக்கு நடுவே, கூரைக்கு அடியில். கூடத்துக்குள் போக அந்தப் படி ஒன்றுதான் வழி, படியின் தலையில் இருந்த கதவு ஒன்றுதான் கதவு.

"படி ஒசரமா இருக்குமா?" என்று அக்கா கேட்டிருந்தாள். "பக்கத்து வூட்டு குப்பு ஆயாவுக்கு முட்டி மடங்காது."

அன்பரசு ஒவ்வொரு படியின் உயரத்தையும் குறைத்து, மறுபடி வரைந்தான். குப்பு ஆயாவின் முட்டிக்காக வடிவமைக்கப்பட்ட அரசாங்கப் படிக்கட்டு அந்த மாவட்டத்தில் அது ஒன்றுதான்.

செயற்பொறியாளர் ராமாமிர்தம் ஒரு நாள் அவன் மூலைக்கு வந்தார். பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர். இதுநாள்வரை ஒருவர் மேலும் பழி வராமல் கோட்டத்தை நடத்தியவர் என்று பெயர். அன்பரசு மவுஸைப் பிடித்துக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினான். அது திரையில் முன்னும் பின்னும் திரும்பியது.

"எதுக்கு சுத்துற?" என்றார் ராமாமிர்தம்.

"எல்லாப் பக்கமும் பாக்கலாம் சார்."

"யாரு?"

"யாரு வேணும்னாலும் சார்."

ராமாமிர்தம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஓர் அரசாங்கக் கட்டடத்தை, அதுவும் ஒப்புதல் ஆகாத கட்டடத்தை, ஒரு தினக்கூலி தன் இஷ்டத்துக்குத் திருப்பி முதுகைப் பார்ப்பது அவருக்கு என்னவோ போல இருந்தது.

அவரைச் சமாதானப்படுத்த நினைத்துத்தான் அன்பரசு அதைச் சொன்னான். "சுத்த வேணாம்னா சுத்த வேணாம் சார். மாடல் ஒண்ணுதான். அதை எந்தப் பக்கத்துலேந்து பாக்கணுமோ அந்த வியூவுக்கு ஒரு பேரு குடுத்து சேமிச்சு வெச்சுக்கலாம். பேரைத் தொட்டா அந்தப் பக்கம் வந்து நிக்கும். வியூவ அழிச்சாலும் மாடல் அப்படியேதான் இருக்கும்."

"பேரு குடுக்கலாமா? யார் பேரு வேணும்னாலும்?"

"குடுக்கலாம் சார்."

ராமாமிர்தத்தின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்து அன்பரசுவும் மகிழ்ந்தான். பின்னாளில் அவனுக்குத் தூக்கம் வராதபோதெல்லாம் தன் வாய் திறந்த இந்த இடத்தில்தான் நினைப்பு வந்து முட்டி நின்றது.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. ஒரே மாடலை எல்லாரும் எல்லாப் பக்கமும் பார்ப்பதால் பொறுப்பு யாருடையது என்பதில் தெளிவின்மை ஏற்படுகிறது. ஆகவே ஒவ்வொரு அலுவலருக்கும் அவரவர் பதவிக்கு ஏற்ற தோற்றம் ஒன்று ஒதுக்கப்படுகிறது. ஒருவர் தோற்றத்தை இன்னொருவர் திறக்கக் கூடாது. ஒப்பமிடப்பட்ட தோற்றத்தில் தெரிவது மட்டுமே மதிப்பீட்டில் சேரும், கட்டப்படும்.

பதவி உயர உயரப் பார்க்கும் இடமும் உயர வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சென்னையில் இருந்த தலைமைப் பொறியாளருக்கு உச்சி வானம். அவர் மேலிருந்து பார்த்தார், கூரை தெரிந்தது. "மிக நன்று. கூரை ஐயத்துக்கிடமின்றி உள்ளது" என்று எழுதி ஒப்பமிட்டார். மேற்பார்வைப் பொறியாளருக்கு அதற்கு ஒரு படி கீழே, தென்னை மர உயரத்தில் கிழக்கு மூலை. அவர் கட்டடம் மொட்டையாக இருக்கிறது, மரங்கள் வை என்றார். அன்பரசு மரங்கள் வைத்தான். இன்னும் வை என்றார். கடைசியில் மரங்கள் மட்டும் தெரிந்தன. அவர் திருப்தியுடன் ஒப்பமிட்டார்.

வடக்கும் தெற்கும் கீழ்நிலைப் பொறியாளர்கள் இருவருக்கு. தெற்கு எமன் திசை, அந்தப் பக்கம் எனக்கு வேண்டாம் என்று ஒருவர் விடுப்பில் போய்விட்டார். திருவந்திபுரத்தில் அர்ச்சனை செய்துகொண்டு வந்த பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு பக்கத்திலும் ஜன்னல் வைத்த நெடுஞ்சுவர் தெரிந்தது. சுவரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முகப்பை ராமாமிர்தம் தமக்கே வைத்துக்கொண்டார். திரையின் முன் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தூணுக்கு நடுவுல என்னமோ கோடு கோடா தெரியுதே."

"படிக்கட்டு சார். பின்னாடி இருக்குறது இடையில தெரியுது."

"பின்னாடி இருக்குறது என் வியூவுல எதுக்கு தெரியணும்? பின்பக்கத்த சிதம்பரம் சப்-டிவிஷனுக்குக் குடுத்தாச்சு. அடுத்தவன் எல்லைக்குள்ள நான் எட்டிப் பாத்தேன்னு நாளைக்கு ஆடிட்ல எழுதுவான். எடு."

"படிக்கட்டயா சார்?"

"படிக்கட்ட எடுக்கச் சொல்ல நான் யாருப்பா? என் கண்ணுல படாம வை."

அன்பரசு அந்தத் தோற்றத்தில் மட்டும் படிக்கட்டை மறைத்தான். மறைப்பது என்பது அழிப்பது ஆகாது, மாடலில் அது பத்திரமாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்று சோறு கொஞ்சம் குறைவாக இறங்கியது.

மனம் கேட்காமல், கட்டடத்தைக் குறுக்கே வெட்டினால் உள்ளே இருப்பது தெரியும், அப்படி ஒரு தோற்றமும் தரைத்தளப் படமும் வைக்கலாமா என்று மறுநாள் கேட்டுப் பார்த்தான்.

"வெட்டுறதா?" என்றார் ராமாமிர்தம். "அரசாங்கக் கட்டடத்த வெட்டிக் காட்டுறதுக்கு நமக்கு யாரு அதிகாரம் குடுத்தா? உள்ள இருக்குறதப் பாக்கணும்னு ஜனங்க கேட்டாங்களா? கேக்காதப்ப நாமளா காட்டுறது தப்பு தம்பி."

மேற்குப் பக்கம் சிதம்பரம் துணைக்கோட்டத்துக்கு ஒதுக்கப்பட்டதற்குக் காரணம், அதுதான் மிச்சம் இருந்தது. அந்த ஒரு கையெழுத்து வந்துவிட்டால் படிக்கட்டு மதிப்பீட்டில் ஏறிவிடும். அன்பரசு அச்செடுத்த படத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினான். கூட்டத்தில் அது கசங்காமல் இருக்க வழி முழுதும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே போனான்.

சிதம்பரத்தில் துணைக்கோட்ட அலுவலகம் ஓர் அரிசிக்கடைக்கு மேலே இருந்தது. உதவிப் பொறியாளரின் நாற்காலியில் துண்டு போட்டிருந்தது. அந்த நாற்காலிக்குரியவர் கீரப்பாளையம் பக்கம் வேறு பணிக்குப் போய் வெகு நாளாயிற்று. பொறுப்பு எழுத்தர் தேவநாதன் படத்தை விரித்து, நான்கு மூலையிலும் பாரம் வைக்க எதுவும் இல்லாமல் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"அழகா இருக்குது தம்பி படி."

"ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா போதும் சார்."

"நான் போட முடியாதே. எனக்கு வந்த ஆர்டர்ல கோப்பு, பீரோ சாவி, ஜீப்பு மூணும் என் பொறுப்புன்னு போட்டிருக்கு. வியூ போடல. ஜீப்பு வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க."

"அப்ப மேற்குப் பக்கத்த யாருதான் சார் பாக்குறது?"

தேவநாதன் யோசித்தார். நல்ல மனிதர். உண்மையாகவே யோசித்தார். "போஸ்ட் நிரப்புற வரைக்கும் அந்தப் பக்கம் இல்லன்னு வெச்சுக்க வேண்டியதுதான்" என்றவர், டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அன்பரசு கடலூர் திரும்பியபோது தணிக்கை வரப்போகிறது என்று அலுவலகமே ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தது. சௌந்தரம் அம்மாள் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவன் மேல் அவருக்குப் பிரியம் உண்டு. தன் வீட்டிலிருந்து ஊறுகாய் கொண்டுவந்து கொடுப்பவர்.

"கம்ப்யூட்டர்ல கையெழுத்துப் போட ஆள் இல்லாத வியூ ஒண்ணு கெடக்குதாம். உரிமையாளர் இல்லாததெல்லாம் அழிச்சுடணும்னு அய்யா எழுதிட்டாரு. இன்னைக்கே க்ளீன் பண்ணிடுப்பா."

"மேடம், அத எடுத்துட்டா படிக்கட்டு யாருக்குமே தெரியாது."

"யாருக்கும் தெரியாதது ஒண்ணு ஆபீஸ்ல இருக்கக் கூடாதுன்னுதானே ஆடிட்டே வருது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன்னை பர்மனென்ட் பண்ற ஃபைல் அய்யா டேபிள்லதான் இருக்குது. இந்த நேரத்துல போயி படி, கிடின்னு நிக்காத. மாடல்ல இருக்குதுன்னு நீதானே சொன்ன? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவன் மூலைக்குப் போய் மேற்குத் தோற்றத்தைத் திறந்தான். குப்பு ஆயாவுக்கான தாழ்ந்த படிகள் வரிசையாக ஏறிக் கதவில் போய் முடிந்தன. அழிக்கும் பொத்தானைத் தட்டினான். நிச்சயமாக அழிக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அந்த அலுவலகத்தில் அவனை ஒரு வார்த்தை அப்படிக் கேட்டது அது மட்டும்தான். அழிக்கலாம் என்று சொன்னான்.

தணிக்கை அலுவலகத்தைப் பாராட்டிவிட்டுப் போனது.

ஒப்பமிட்ட தோற்றங்களை வைத்து மதிப்பீடு போட்டார்கள். மதிப்பீட்டை வைத்து ஒப்பந்தக்காரர் கட்டினார். மேற்கே படம் இல்லாததால் முழுச் சுவராக எழுப்பிவிட்டார். கூடத்துக்கு ஜன்னல்கள் இருந்தன, கம்பி போட்டு, நல்ல காற்றோட்டமாக. கதவு இல்லை. கொத்தனார்கள் சாரத்தின் வழியாக ஏறி இறங்கி வேலை பார்த்தார்கள். வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அன்பரசு அந்தச் சுவர் வளர்வதைப் பார்த்தான்.

"படி எப்படா வெப்பாங்க?" என்று மகேஸ்வரி கேட்டாள்.

"கடைசியாதான்க்கா வெப்பாங்க."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு அலுவலக வேலை வர ஆரம்பித்தது. வேலை ஒன்றும் இல்லை. பூட்டிய அலுவலகத்தின் வாசலில் உட்கார்ந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அறைக்குப் போவான். ஒரு தடவை மட்டும் துணிந்து ராமாமிர்தத்திடம் போய், குப்பத்தில் கட்டிய கட்டடத்தில் ஏற வழியில்லை என்று சொன்னான்.

ராமாமிர்தம் அவனைக் கோபிக்கவில்லை. "நீ எந்த வியூவுலேந்து சொல்ற?" என்று கேட்டார். "எனக்கு ஒதுக்குனதுல நான் பாத்தேன். குறை இல்ல. வடக்கு பாத்தவரு குறை இல்லன்றாரு, தெற்கு பாத்தவரும் குறை இல்லன்றாரு. மேல இருக்குறவங்க மேலேந்து பாத்து குறை இல்லன்னுட்டாங்க. இத்தன பேரு கண்ணு பொய்யா? ஜனங்க நம்மள நம்பி உசுர ஒப்படைச்சிருக்காங்கப்பா. அந்த நம்பிக்கைய குலைக்குற மாதிரி ஒருத்தன் பின்னாடி போயி நின்னு பாக்குறது நல்ல பழக்கம் இல்ல."

அவர் பேசியதில் எந்த இடத்தில் கை வைத்துத் தடுப்பது என்று அன்பரசுவுக்குத் தெரியவில்லை. வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்தான். தடுக்க மனமில்லாமல்தான் இடம் தெரியவில்லையோ என்ற சந்தேகம் கூடவே வந்தது.

திறப்பு விழா 2011 நவம்பரில் வைத்தார்கள். சென்னையிலிருந்து வரும் பெரியவர் மாடி ஏறிக் குத்துவிளக்கு ஏற்றுவார் என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். அதைப் படித்தபோதுதான் ராமாமிர்தத்துக்கு மாடி, ஏறுதல் என்ற இரண்டையும் சேர்த்து நினைக்க நேர்ந்தது. அன்பரசுவைக் கூப்பிட்டார்.

"அந்த மேற்கு வியூவ திரும்ப எடுக்க முடியுமா?"

"முடியும் சார்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

அன்பரசு மாடலைத் திருப்பினான். படிக்கட்டு வந்து நின்றது. பெயர் கொடுத்துச் சேமித்தான். ராமாமிர்தம் கேள்வியைக் கேட்டு முடித்து, கண்ணாடியை மாட்டிக்கொள்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமான ஒன்றை இத்தனை காலம் செய்யாமல் இருந்தோமே என்று நினைத்தபடி அவன் மவுஸைத் தள்ளி வைத்தான்.

"நல்லா இருக்குது" என்றார் ராமாமிர்தம். "இதையே நெசப் படி சைசுக்கு ஃப்ளெக்ஸ் அடிச்சு மேற்குச் சுவத்துல கட்டிடு."

இம்பீரியல் ரோட்டில் ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு அந்த ஆர்டர் புரியவே இல்லை. "யார் போட்டோவும் வேணாமா? ஓரத்துல ரவுண்டு ரவுண்டா போடுவோமே, அதுகூட வேணாமா? வெறும் படிக்கட்டா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தொழிலில் இறங்கியதிலிருந்து முகமே இல்லாத பேனர் அவர் அடித்தது கிடையாது. மனசு கேட்காமல், துணி மட்டும் கெட்டியான ரகமாகப் போட்டுக் கொடுத்தார்.

விழாவில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெரியவர் படிக்கட்டைத் தூரத்திலிருந்து பார்த்தார். எனக்கு மூட்டுவலி, கீழேயே ஏற்றிவிடுகிறேன் என்றார். தூண்களுக்கு நடுவே குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. ராமாமிர்தம் பேசும்போது, இந்தக் காப்பகத்தை நாங்கள் எல்லாக் கோணத்திலும் ஆராய்ந்து கட்டியிருக்கிறோம், இனி கடல் எவ்வளவு பொங்கினாலும் மக்கள் செய்யவேண்டியது படியேறுவது ஒன்றுதான் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அன்பரசுவும் தட்டினான்.

கூட்டம் கலைந்த பிறகு குப்பு ஆயா தடியை ஊன்றிக்கொண்டு படியருகே போய் நின்றாள். அடிப்படியைத் தடியால் தட்டினாள். படி தொளதொளவென்று ஆடியது. ஆயா திரும்பி மகேஸ்வரியைப் பார்த்தாள். மகேஸ்வரி தம்பியைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்தான்.

"வூட்டுக்கு வா. சங்கரா மீன் கொழம்பு வெச்சிருக்கேன்" என்றாள்.

"வயித்துக்கு ஒத்துக்கலக்கா. ஆபீஸ் வண்டி கெளம்புது, போறேன்."

அந்த மாதமே அவனுடைய பணி நிரந்தரமானது. சௌந்தரம் அம்மாள் இனிப்பு வாங்கிக் கொடுத்து, எண்ணும் போட்டுக் கொடுத்தார்.

டிசம்பர் கடைசியில் புயல் எச்சரிக்கை வந்தது. கடலூருக்கு நேராக வருகிறது என்று ரேடியோ சொன்னது. காப்பகங்கள் தயார் என்று கோட்டம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது. அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் அன்பரசு. தட்டச்சு செய்துவிட்டு, மின்விசிறி துடைக்கும் மூங்கில் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தான். பின்னால் சௌந்தரம் அம்மாள், "அது ஆபீஸ் ஏணிப்பா" என்று கத்தியது காதில் விழுந்தது.

குப்பத்துக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம். காற்று அப்போதே ஆளைத் தள்ளியது. சின்னதம்பியும் இன்னும் சிலரும் வடக்குப் பக்கம் ஒரு ஜன்னலின் கம்பியைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபைபர் போட்டைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து அதன் மேல் நின்றிருந்தார்கள்.

"ஏணியா? குடு மச்சான், நேரத்துக்குக் கொண்டாந்த" என்றான் சின்னதம்பி.

ஏணி பாதி உயரத்துக்குத்தான் வந்தது. மீதிக்கு வலை. நடக்க முடியாதவர்களை மீன் வலையில் சுருட்டி, கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். அன்பரசு கீழே நின்று வலையைப் பிடித்துக் கொடுத்தான். குப்பு ஆயாவை வலையில் வைத்தபோது அவள் எலும்பெல்லாம் அவன் கையில் குத்தியது. "பாத்து இழுங்கடா, நான் என்ன பாறையா?" என்று வைதுகொண்டே அவள் மேலே போனாள். மழை பக்கவாட்டில் அடித்தது. ஜன்னலை அடைக்க ஏதாவது வேண்டும் என்று மேலேயிருந்து கேட்டார்கள். மகேஸ்வரி மேற்குச் சுவருக்கு ஓடி, அரிவாளால் கயிறுகளை வெட்டி, படிக்கட்டை உருட்டிச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

எல்லாரும் ஏறிய பிறகு கடைசியாக ஏறியவன் சின்னதம்பி. காற்று ஏணியைத் தூக்கிப் போட்டது. ஜன்னலுக்கு அருகே போன கை நழுவி, போட்டின் விளிம்பில் விழுந்தான். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இருவர் கயிற்றில் இறங்கி, அவனையும் வலையில்தான் ஏற்றினார்கள். புயல் அடித்து ஓயும்வரை அன்பரசு அந்தக் காலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சின்னதம்பி மாமா ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

குப்பத்தில் ஒரு கூரை மிஞ்சவில்லை. ஆள் யாரும் சாகவில்லை. காப்பகத்தின் வெற்றி என்று கோட்டம் அதை அறிவித்தது.

ஆனாலும் யாரோ மனு போட்டார்கள். பொங்கல் கழிந்து சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். ஒவ்வொரு அலுவலரும் தமக்கு ஒதுக்கிய தோற்றத்தை ஒப்பத்தோடு எடுத்து நீட்டினார். அதிகாரி ஒவ்வொன்றையும் பார்த்தார். ஒன்றிலும் பிழை இல்லை.

கடைசியில் அன்பரசு எழுந்தான். "நான்தான் சார் மேற்கு வியூவ அழிச்சேன். அழிச்சா படி போயிரும்னு தெரிஞ்சுதான் அழிச்சேன். என் பேரு எழுதிக்கங்க."

அதிகாரி பரிவோடு பார்த்தார். "எப்ப அழிச்சீங்க?"

சொன்னான்.

"அப்ப நீங்க தினக்கூலி. தினக்கூலிப் பணியாளர் தவறு செய்ய விதியில இடமே இல்லையேப்பா. ஒரு தவறு செய்யணும்னா குறைஞ்சது உதவிப் பொறியாளரா இருக்கணும். இல்லாத அதிகாரத்த நீங்க எடுத்துக்கிட்டதா நான் எழுதுனா, அது எனக்குல்ல தப்பாயிடும்? உக்காருங்க."

"செஞ்சது நான்தான் சார்."

"உணர்ச்சிவசப்படாதீங்க. உங்களுக்கு வயசு இருக்கு. பதவி உயர்வு வரும்" என்றார் அதிகாரி.

அறிக்கையில் எவரிடமும் பிழை காணப்படவில்லை. பயனாளிகள் மேற்குப் பக்கத்தை அணுகியதால் சிரமம் ஏற்பட்டது என்று குறிப்பிட்டிருந்தார்கள். மாடலில் படிக்கட்டு இருப்பது உறுதி செய்யப்பட்டது. மேற்குத் தோற்றம், பணி நிரந்தரமாகிவிட்ட அன்பரசுவுக்கு ஒதுக்கப்படலாம் என்று பரிந்துரையும் செய்திருந்தார்கள். ராமாமிர்தம் எழுந்து வந்து கை கொடுத்தார். சௌந்தரம் அம்மாள் கண் கலங்கினார். ஏணியைத் திருப்பிக் கொண்டுவரும்படியும் நினைவூட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்பரசு குப்பத்துக்குப் போனான். மகேஸ்வரி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கூரை போன வீட்டுக்கு மேலே ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"நல்ல ஷீட்டுடா. ஒரு சொட்டு ஒழுவல" என்றாள் நிமிராமல்.

"அக்கா, படி இல்லாமப் போனது என்னாலதான். நான்தான் எடுத்தேன்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? சங்கரா கொழம்ப வுட்டுட்டு நீ என்னைக்குப் போயிருக்க?" செதிலைத் தட்டிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள். "அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா ஊரு கூடி ஒரு மரப்படியாவது கட்டியிருப்போம். உன் வேல போயிரும்னு பாத்த. சரி."

அந்தச் சரிக்குப் பதிலாக அவள் அவன் கன்னத்தில் அறைந்திருக்கலாம். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"மாமாகிட்ட சொல்லணும்க்கா."

"சொல்லு. உள்ளதான் கெடக்குறாரு. எங்கிட்ட சொன்னதோட முடிஞ்சுபோச்சுன்னு ஓடிறாத. அவரு கடலுக்குப் போயி எத்தினி நாளாவுது."

அவன் குனிந்து உள்ளே போனான். சின்னதம்பி மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு சாக்கு மூட்டையின் மேல் வைத்து மல்லாந்து படுத்திருந்தான். மேலே ஃப்ளெக்ஸின் அச்சுப் பக்கம் வீட்டுக்குள் பார்த்திருந்தது. வெயில் பட்டு, படிக்கட்டு பளிச்சென்று தெரிந்தது. படுத்திருப்பவனின் தலைமாட்டில் தொடங்கி, கால்மாட்டில் கதவில் போய் முடிந்தது.

"வா மச்சான், உக்காரு" என்றான் சின்னதம்பி. "நாள் பூரா இதத்தான் பாத்துகினு கெடக்குறேன். நீ வரஞ்சதாமே. அவ சொன்னா. எவ்ளோ தாழ்வா, அகலமா போட்டிருக்க. இத மட்டும் கட்டியிருந்தா குப்பு ஆயா தானாவே ஏறிப் போயிருக்கும். பாவி எவனோ கெடுத்துட்டான் பாரு."

அன்பரசு காலின் பக்கத்தில் உட்கார்ந்தான். வெளியே மீன் ஆயும் சத்தம் நின்றிருந்தது.

"மாமா" என்றான்.